சாயாத ஊசி

1978இல் நான் எட்டாம் வகுப்பு. மாத்தளைப் பக்கம் இரத்தோட்டையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கென்று தனி அறை கிடையாது. அதனால் ஆளுக்கொரு தையல் ஊசியும் கொஞ்சம் நூலும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் ஆசிரியர். காந்தம், பழுதான ரேடியோ ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, மட்டமாகத் தொங்கும்வரை முடிச்சை அரக்கி அரக்கி வைக்க வேண்டும். பிறகு காந்தத்தால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பி நிற்கும். அத்தோடு அதன் வட முனை நிலத்தை நோக்கிச் சரியும். பாடப்புத்தகத்தில் படம் இருந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி அந்த ஊசி தலையைக் கவிழ்த்திருந்தது.

எங்கள் ஊசிகள் திரும்பின. சரியவில்லை.

"ஒழுங்காத் தேய்க்கல்ல. இன்னும் அம்பது தரம் தேய்" என்றார் ஆசிரியர். தேய்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதனும் தேய்த்தான். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். வகுப்பில் இருந்த முப்பது ஊசிகளும் பாயில் படுத்தது போல மட்டமாகவே கிடந்தன. நேரம் முடியப் போகிறது என்றதும் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்து வரைந்தார்கள். நானும் அவனும் மட்டும் கண்ணால் கண்டதை வரைந்தோம். எங்கள் இருவருக்கும் சிவப்பு மையில் பெரிய பிழை அடையாளம் கிடைத்தது.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அதே புத்தகம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் நானும் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். கையிலிருக்கும் புத்தகத்துக்கும் கண்ணெதிரே தொங்கும் ஊசிக்கும் நடுவில் நிற்கும் ஆசிரியனின் சங்கடம் எனக்குத் தெரியும்.

அதே வருடம் ஒக்டோபரில், இரவெல்லாம் மழை பெய்து விடிந்த ஒரு காலை, எங்கள் லயத்து இஸ்தோப்பின் மூலையில் ஒரு குருவி ஒடுங்கிக் கிடந்தது. மைனாவைவிடச் சிறியது. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அம்மா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதை மூடினார். மிளகு வாங்க வந்த கிராமத்துச் சிங்களப் பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "அவிச்சியா" என்றார். இதன் அழகான உடுப்பை மயில் திருடிக்கொண்டு போய்விட்டது, அதை நினைத்துத்தான் காலையும் மாலையும் அழுகிறது என்று ஒரு கதையும் சொன்னார். தமிழில் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் வந்த பெயர்.

"இது எங்கயிருந்து வருது அப்பாயி?" என்று என் சிநேகிதன் எங்கள் அப்பாயியிடம் கேட்டான்.

"இந்தியாவுலேருந்துதான்யா. எங்க பாட்டன் பூட்டன் வந்த வழியாத்தான் வருது."

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேத்தி அவர். வழியில் செத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

"அவங்களுக்குக் கங்காணி வழி காட்டினாரு. இதுக்கு யாரு காட்டுறது?"

அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்குத் தெரியும்யா" என்றார்.

மாலை ஆறு மணிக்குக் கூடையை நிமிர்த்தினோம். குருவி இரண்டு தத்துத் தத்தி, ஏலச் செடிகளுக்குக் கீழே இலைச் சருகுக்குள் போய் மறைந்தது. சற்று நேரத்தில் அங்கிருந்து விசில் கேட்டது.

அடுத்த வருடம் என் சிநேகிதனின் குடும்பம் போய்விட்டது. 1964 ஒக்டோபர் 30இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு இந்தியப் பங்கு வந்தது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். ஒரு தகரப் பெட்டியோடு அவன் போனான். பெட்டிக்குள் அந்த ஊசியும் நூலும் இருந்ததாகப் பிறகு கடிதத்தில் எழுதினான்.

*

நாங்கள் ஊசி தேய்த்த அதே 1978இல், ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் 31 வயது விஞ்ஞானி ஒருவர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். பெயர் கிளாவுஸ் ஷுல்டன். அங்குள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வேலை செய்த உயிர்ப்பௌதிகவியலாளர். பறவை காந்தத்தை உணர்வது அதன் உடம்புக்குள் நடக்கும் ஓர் இரசாயனத் தாக்கத்தால் இருக்கலாம் என்பது அவர் சொன்ன விஷயம். எங்கள் அப்பாயி பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் தொடங்கியிருந்தார்.

பறவைக்குக் காந்த உணர்வு இருக்கிறது என்பதே அப்போது புதிய செய்தி. பிராங்ஃபேர்ட்டில் வொல்ஃப்காங் வில்ச்கோ 1960களில் ரொபின் குருவிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்திருந்தார். வலசை போகும் காலம் வந்தால் கூண்டிலிருக்கும் குருவியும் போக வேண்டிய திசையை நோக்கியே தத்தும். சூரியனும் நட்சத்திரமும் தெரியாதபடி மறைத்தாலும் தத்தும். கூண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து மின்னோட்டம் பாய்ச்சி, காந்த வடக்கை வேறு பக்கம் திருப்பினால், குருவியும் அந்தப் பக்கம் திரும்பும். வொல்ஃப்காங்கும் அவர் மனைவி ரோஸ்விதாவும் 1972இல் இன்னும் ஆச்சரியமான ஒன்றைச் சொன்னார்கள். ரொபினுக்கு வட முனை எது, தென் முனை எது என்ற பேதம் தெரியாது. காந்தக் கோடு நிலத்தோடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. கோடு நிலத்துக்குள் சரியும் பக்கம் துருவம். எதிர்ப் பக்கம் பூமியின் நடு. பிராங்ஃபேர்ட்டில் அந்தச் சரிவு 66 பாகை. எங்கள் பாடப்புத்தகத்து ஊசி மாதிரி.

ஆனால் எப்படி உணர்கிறது? பௌதிகம் படித்தவர்கள் தலையாட்ட மறுத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. பூமியின் காந்தம் மிகவும் பலவீனமானது. உடம்புச் சூட்டில் ஒவ்வொரு மூலக்கூறும் உதறிக்கொண்டே இருக்கிறது. அந்த உதறலின் சக்தியோடு ஒப்பிட்டால், ஒரு மூலக்கூறின் மீது பூமியின் காந்தம் செலுத்தும் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. புயலில் ஆடும் மரத்தின் மேல் ஓர் எறும்பு மூச்சு விட்டால் மரத்துக்குத் தெரியுமா?

ஷுல்டன் சொன்ன வழி இது. வெளிச்சம் பட்டதும் ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரன் அடுத்த மூலக்கூறுக்குத் தாவுகிறது. இப்போது இரண்டு பக்கத்திலும் சோடியில்லாத ஒவ்வோர் இலத்திரன். ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. இரண்டின் தற்சுழற்சியும் ஒரு நேரம் எதிரெதிராகவும் மறு நேரம் ஒத்த திசையிலும் மாறி மாறி இருக்கும். எதிரெதிராக இருக்கையில் ஒரு வகை இரசாயன விளைவு, ஒத்திருக்கையில் வேறு வகை. சூட்டின் உதறல் இந்தத் தற்சுழற்சியோடு அவ்வளவு ஒட்டுவதில்லை. அதனால் அந்தக் கண நேர இடைவெளியில், அவை மாறும் தாளத்தை ஒரு பலவீனமான காந்தம்கூடச் சற்றே திருத்திவிட முடியும். கொழுந்து நிறுக்கும் தராசில் இரண்டு தட்டும் சரிசமமாக நின்றுவிட்டால், அதன் பிறகு பாரத்தைப் புரட்ட ஆள் தேவையில்லை. ஓர் இலை போதும்.

அந்தக் கட்டுரையை அவர் முதலில் உலகப் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கச் சஞ்சிகைக்கு அனுப்பினார். துணிச்சல் குறைந்த ஒருவராக இருந்தால் இதைக் குப்பைக் கூடையில் போட்டிருப்பார் என்ற கருத்தோடு அது திரும்பி வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சார்ல்ஸ் ஸ்வென்பேர்க், அல்பேர்ட் வெல்லர் என்ற இருவரோடு சேர்ந்து அதை ஒரு ஜேர்மன் இரசாயனச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் அது பெரிதாகப் பேசப்படவில்லை. பறவையின் கண்ணில் அப்படி நடந்துகொள்ளும் மூலக்கூறு எது என்று அவரால் அப்போது காட்ட முடியவில்லை.

இரத்தோட்டையில் இரண்டு பையன்களின் கொப்பியில் சிவப்பு மை விழுந்த அந்த வருடம், கோட்டிங்கனில் இந்த மனிதர் மேசையிலும் ஒரு பிழை அடையாளம் விழுந்திருந்தது. இதைப் பல வருடம் கழித்து வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. கண்டதைக் கண்டபடி வைத்திருந்து காத்திருக்க ஒரு மனிதருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதே எனக்குப் பட்டது.

அவர் காத்திருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. மியூனிக் நகரில் அவருடைய மாணவர்கள், உயிர் மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்க, 60 செயலிகளைக் கோத்துத் தாங்களே ஒரு கணினி கட்டினார்கள். 1988இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஷுல்டன் அதை முதுகுப் பையில் சுமந்து சுங்கத்தைக் கடந்தார். இதைப் படித்தபோது தலைமன்னார்ச் சுங்கத்தில் திறந்து காட்டப்பட்ட ஒரு தகரப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. அந்த வேலையின் தொடர்ச்சியில் வந்த மென்பொருளைக் கொண்டு 2013இல் எச்.ஐ.வி. வைரஸின் உள்ளுறையை 6 கோடிக்கும் மேற்பட்ட அணுக்களோடு கணினியில் அசைத்துக் காட்டினார்கள். உலகம் அவரை அதற்காகவே அதிகம் அறிந்தது.

காத்திருந்த மூலக்கூறு கடைசியில் ஒரு செடியிலிருந்து வந்தது. 1993இல் மார்கரெட் அஹ்மட், அந்தனி கஷ்மோர் என்ற இருவர், கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் நீல ஒளியை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கிரிப்டோகுரோம் என்று பெயர். அதே குடும்பத்துப் புரதங்கள் விலங்குகளிலும் இருப்பது பிறகு தெரிந்தது. 2000இல் ஷுல்டனும் அவருடைய மாணவர் தோர்ஸ்டன் ரிட்ஸும் சலீஹ் அடெமும் சேர்ந்து, பறவையின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம்தான் அந்தத் தராசாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நீல ஒளியிலும் பச்சை ஒளியிலும் ரொபினுக்குத் திசை தெரிகிறது, சிவப்பு ஒளியில் தடுமாறுகிறது என்று வில்ச்கோ தம்பதியர் முன்பே கண்டிருந்தது இதோடு பொருந்தியது. பறவை காந்தத்தைக் கண்ணால் பார்க்கிறது என்றுகூடச் சொல்லலாம். முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 22 வருடம். ஷுல்டன் 2016 ஒக்டோபர் 31இல் காலமானார். ஒல்டன்பேர்க், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ரொபினின் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம்-4 புரதம் காந்தத்துக்கு இணங்குவதை ஆய்வுகூடக் குழாயில் காட்டிய 2021ஐ அவர் பார்க்கவில்லை.

*

அன்று கேட்டவர்கள் சிரித்த விஷயம் இன்று பாடநூலுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அன்று உறுதியென்று சொன்னவை சில இன்று வாபஸாகியிருக்கின்றன. புறாவின் அலகில் இரும்பு நிறைந்த கலங்கள் உண்டு, அவைதான் அதன் காந்த ஊசி என்று நானும் ஒரு காலத்தில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2012இல் வியன்னாவில் டேவிட் கீஸ் குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அவை நரம்புக் கலங்களே இல்லை என்று தெரிந்தது. பழைய இரும்பைத் தின்று சேர்த்து வைக்கும் சாதாரண வெண்குருதிக் கலங்கள். பழ ஈக்களுக்குக் காந்த உணர்வு உண்டு என்று பல கட்டுரைகள் வந்திருந்தன. 2023இல் ஒல்டன்பேர்க் குழுவினர் ஏறத்தாழ ஒரு லட்சம் ஈக்களைச் சோதித்துவிட்டு, எங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஒரு லட்சம் ஈக்களை எண்ணிவிட்டு இல்லை என்று எழுத நேர்மை வேண்டும். அந்தத் துறையின் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

2018இல் ஷங்கரின் '2.0' படம் வந்த பிறகு மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "சேர், டவர் போட்டதாலதானே குருவி குறைஞ்சுபோச்சு?" எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரிவஸ்டன் மலையும் அதன் உச்சிக் கோபுரமும் கண்ணெதிரே. ரஜினி படம் சொல்லிவிட்டால் அதை மறுக்க ஆசிரியனுக்குத் துணிவு வேண்டும். நான் அவர்களுக்கு ஒல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கதையைச் சொன்னேன்.

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மரக் குடில்களில் வைத்த ரொபின்களுக்குத் திசையே பிடிபடவில்லை. ஒருவர் குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து அதை நிலத்தோடு இணைத்தார். குருவிகள் உடனே சரியான திசையில் தத்தின. நில இணைப்பைக் கழற்றினால் மறுபடியும் குழப்பம். குழப்பியது நகரத்து மின்காந்த இரைச்சல். 2014இல் இதை வெளியிட்டபோது, அந்த இரைச்சல் 50 கிலோஹேர்ட்ஸ் முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சுக்குள் இருந்தது என்றும் சொன்னார்கள். வீட்டு மின்சாதனங்களிலிருந்து வரும் இரைச்சலும் மத்திய அலை வானொலியும் அந்த வீச்சில்தான் வருகின்றன. கைத்தொலைபேசியின் அலைகள் பல நூறு மெகாஹேர்ட்ஸுக்கு மேலே, வேறு இடத்தில் இருக்கின்றன.

ஆகவே படம் காட்டிய குற்றவாளி வேறு, ஆய்வு காட்டிய குற்றவாளி வேறு. அன்று எங்கள் லயங்களில் ஒரு ரேடியோ இருந்தால் இருபது வீடு அதைச் சுற்றி உட்காரும். கொழும்பிலிருந்து மத்திய அலையில் வந்த தமிழ் அறிவிப்பாளர்களின் குரல்தான் எங்களுக்கு வெளியுலகம். அந்த அலையின் வீச்சுக்குள்தான் குருவியின் திசையறிவும் இடறுகிறது என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. ஆனாலும் அதையே வகுப்பில் சொன்னேன். நமக்குப் பிடித்த குற்றவாளியைத் தேடுவது விஞ்ஞானத்தின் வேலையில்லை.

*

இனி எங்கள் ஊசிக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படிக்கும்போது நூலகத்தில் ஓர் உலகப் படத்தை விரித்தேன். காந்தச் சரிவைக் கோடுகளாக வரைந்திருந்தார்கள். சரிவே இல்லாத கோடு, அதாவது காந்த நடுக்கோடு, பூமியின் மத்திய கோட்டை விட்டு வடக்கே ஏறி, தென்னிந்தியாவின் முனையையும் இலங்கைப் பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போயிற்று. விரலை வைத்துப் பார்த்தேன். மாத்தளை அதற்கு அருகில் இருந்தது. இங்கே காந்தக் கோடு ஏறத்தாழ நிலத்துக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. ஊசி மட்டமாகப் படுக்கத்தான் செய்யும். ஆயிரம் தரம் தேய்த்தாலும் படுக்கும். பாடப்புத்தகத்தில் இருந்தது ஐரோப்பாவின் ஊசி. எங்கள் கையில் இருந்தது இரத்தோட்டையின் ஊசி. இரண்டும் சரி.

அன்றிரவு கூடலூருக்குக் கடிதம் எழுதினேன். "நம்ம ஊசி சரிடா" என்று ஒரே ஒரு வரி.

அந்தக் கோடு இந்தப் பக்கத்தால் போவதை வெளியூர்க்காரர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பாளராக இருந்த ஜோன் அலன் புரௌன் 1855இல் அகத்தியர் மலை மேல் ஓர் ஆய்வகம் கட்டி, காந்த ஊசிகளை வைத்து அளந்தார். யானையும் அட்டையும் உலாவும் காட்டுக்குள் கருவிகளைச் சுமந்து ஏற்றியவர்கள் நம் பக்கத்து மனிதர்கள். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட் ஏவப்பட்டதற்கும் அந்த மீனவக் கிராமம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததே காரணம்.

பறவைக்கு இந்த இடம் எவ்வளவு சிக்கலானது என்று யோசித்துப் பாருங்கள். ரொபின் பார்ப்பது சரிவை. சரிவே இல்லாத இடத்தில் துருவம் எந்தப் பக்கம், நடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்காவின் தெற்குவரை போகும் தோட்டக் கதிர்க்குருவியை வைத்து வில்ச்கோ தம்பதியர் 1992இல் இதைச் சோதித்தார்கள். நடுக்கோட்டைக் கடப்பது போல, கூண்டில் சில காலம் மட்டமான காந்தத்தை உண்டாக்கினார்கள். பிறகு பழைய சரிவுள்ள காந்தத்துக்குத் திருப்பியபோது குருவிகள் முன்பு பார்த்த திசைக்கு நேரெதிர்த் திசையில் தத்தின. கோட்டைக் கடந்துவிட்டோம், இனிச் சரிவு திரும்பியிருக்கும், பயணத்தைத் தொடர வேண்டும் என்று அவற்றின் உடம்புக்குள் ஏதோ ஒன்று கணக்கை மாற்றிப் போட்டிருக்கிறது. உள்ளங்கையளவு உடம்புக்குள் இப்படி ஒரு கணக்கு.

சேற்றிலும் இதே கதைதான். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் அருகே சேற்று மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சட் பிளேக்மோர், சில பக்டீரியாக்கள் ஒரே பக்கமாகவே நீந்துவதைக் கண்டு 1975இல் எழுதினார். அவற்றின் உடலுக்குள் இரும்புத் தாதுப் பளிங்குகள் மணிமாலை போல வரிசையாக இருந்தன. காந்தக் கோட்டின் சரிவைப் பிடித்துக்கொண்டு அவை பிராணவாயு குறைந்த அடிச் சேற்றுக்கு இறங்குகின்றன. வட பாதியில் வடக்கே நீந்துகின்றன. தெற்கே நியூசிலாந்தில் தெற்கே நீந்துகின்றன. அப்போது காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்த பிரேசிலின் போர்த்தலேசாவில் சேறெடுத்துப் பார்த்தால், வடக்கே போவதும் தெற்கே போவதும் கலந்து இருந்தன என்று 1981இல் எழுதினார்கள். இதை வாசித்த நாளிலிருந்து, சுது கங்கை ஓரத்து வயற்சேற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கண்ணாடித் துண்டும் நுணுக்குக்காட்டியும் நினைவுக்கு வரும்.

நம் ஆறுமணிக்குருவி இமயத்து அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கிறது. செப்டெம்பர், ஒக்டோபரில் இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகிறது. டில்லிப் பக்கம் 40 பாகைக்கு மேல் இருக்கும் காந்தச் சரிவு, அது வர வரக் குறைந்து, தமிழ்நாட்டைக் கடக்கும்போது இன்னும் தணிந்து, எங்கள் ஏலக்காட்டில் இறங்கும்போது ஏறத்தாழ மட்டமாகிவிடுகிறது. ஏப்ரல், மேயில் திரும்ப வேண்டும். ஐரோப்பியக் குருவியில் கண்டதை நம் குருவிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வி நம்முடையது. சரிவைப் பார்த்து வழி போகும் ஓர் உயிர், சரிவில்லாத ஊரில் ஆறு மாதம் தங்கிவிட்டு, எந்தப் பக்கம் வீடு என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? இந்தக் கேள்வியைப் பிராங்ஃபேர்ட்டில் கம்பிச் சுருள் வைத்துச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது. இரத்தோட்டையில் அது இலைச் சருகுக்குள் தத்திக்கொண்டிருக்கிறது.

*

இப்போது எனக்கு அறுபது வயது. போன வருடம் பேத்தி தன் கைத்தொலைபேசியை மேசையில் மட்டமாக வைத்து, "தாத்தா, இதுக்குள்ள காந்தம் அளக்குற கருவி இருக்கு" என்று காட்டினாள். மூன்று எண்கள் ஓடின. கிடையாக ஓடும் காந்தம் 40 மைக்ரோடெஸ்லா அளவில். மேலும் கீழுமாக இருக்கும் காந்தம் அதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை என்னும் அளவில். அன்று முப்பது ஊசிகள் சொன்னதை இன்று ஒரு கண்ணாடித் திரை சொன்னது. அன்று நம்பவில்லை, இன்று எண்ணாக வந்ததால் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு அந்த ஊசிகளின் மேல்தான் பாசம்.

கூடலூரில் இருக்கும் என் சிநேகிதனிடம் அன்றே சொன்னேன். இப்போது கடிதம் இல்லை; வாட்ஸ்அப்தான். அவன் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்றவன். "ஊசி இன்னும் வச்சிருக்கேன்டா, துருப் பிடிச்சிருச்சு" என்றான். அங்கேயும் ஐப்பசி மழைக்காலத்தில் ஆறுமணிக்குருவி விசிலடிக்குமாம். அதைக் கேட்டால் அவனுக்கு எங்கள் இஸ்தோப்பு நினைவுக்கு வருமாம். அவனுடைய ஊரையும் என்னுடைய ஊரையும் அந்தக் குருவி ஒரே பருவத்தில் தொடுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே 30 கிலோமீற்றர் அளவான கடல். அதைத் தாண்ட எங்களுக்கு இரண்டு பிரதமர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த வருடம் செப்டெம்பர் முதல் தேதியிலிருந்து ஆளுக்கொரு கொப்பி. ஆறுமணிக்குருவியை முதலில் கேட்ட நாள், நேரம், இடம், மழையா வெயிலா. கடைசியாகக் கேட்ட நாளும் அப்படியே. உங்களுக்கும் இதைச் சொல்கிறேன். இரத்தோட்டை, கம்மடுவ, மாத்தளைப் பிள்ளைகளும், கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரம், நீலகிரிப் பிள்ளைகளும் எழுதுங்கள். ஆய்வுகூடம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒக்டோபர் இரவுகளில் வாசல் விளக்கைத் தேவையில்லாமல் எரியவிடாதீர்கள். இரவில் பறக்கும் குருவி அந்த வெளிச்சத்தில்தான் தடம் மாறி வீட்டுக்குள் விழுகிறது. களைத்து விழுந்த குருவியைக் கண்டால் ஒரு கூடையால் மூடி, இருட்டில் அமைதியாக வைத்திருந்து, மாலையில் சருகுள்ள இடத்தில் விடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கையிலிருக்கும் ஊசி படத்தில் இருப்பது போல நிற்காவிட்டால், சிவப்பு மையை எடுக்காதீர்கள். ஏன் என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். பிள்ளைகளே, ஊசி சாயாவிட்டால் சாயவில்லை என்றே எழுதுங்கள்.